ஒலிப்பதிவு கேள்வி–பதில்: தொலைவில் ஒலிக்கும் மெட்டல்

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து பிளாக் மெட்டல் என்னும் கடுமையான ராக் இசையை வாசிக்கிறோம். தொண்ணூறுகளின் நார்வே ஆல்பங்களில் கேட்பது போல, எங்கோ மலைக்கு அப்பாலிருந்து வரும் கரடுமுரடான ஒலி எங்களுக்கு வேண்டும். எல்லாக் கருவிகளையும் முறையாகப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் ட்ரெபிளை, அதாவது உயர் அலைவெண்களை வெட்டி, அறை எதிரொலி தரும் ரிவெர்பைக் கூட்டி, டேப் இரைச்சல் தரும் பிளகின் மென்பொருளையும் சேர்த்தோம். ஆனால் நல்ல பதிவு ஒன்றின் மேல் கம்பளியைப் போர்த்தியது போலத்தான் கேட்கிறது. எங்கே தவறுகிறோம்?
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு ஆசைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று தொலைவு; மற்றொன்று கரடு, அதாவது லோ-ஃபை என்று நாம் சொல்லும் தேய்ந்த தன்மை. இரண்டும் வெவ்வேறு காரணங்களால் பிறப்பவை. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கம்பளி போர்த்திய ஒலிதான் கிடைக்கும்.

நீங்கள் விரும்பும் பதிவுகளையே எடுத்துக்கொள்வோம். டார்க்த்ரோன் குழுவின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' 1994-இல் வெளிவந்தது. அதன் கருவிகள் அனைத்தையும் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்து, நான்கு டிராக் கருவி ஒன்றில் தம் வீட்டிலேயே பதிவு செய்தார். குரல் மட்டும் நாக்டர்னோ கல்டோவுடையது. அதைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவனமாகக் கேளுங்கள். மெலிந்த, உலர்ந்த, ஈ மொய்ப்பது போன்ற கிட்டார் அது. ஆனால் தொலைவில் இல்லை, காதருகேதான் இருக்கிறது. எம்பரர் குழுவின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' ஆல்பத்தை அடுத்துக் கேளுங்கள். அது பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் இசையரங்கிலுள்ள ஸ்டுடியோவில், பிட்டன் என்று அழைக்கப்படும் ஐரிக் ஹுண்ட்வின் என்ற ஒலிப்பொறியாளரின் கைவண்ணத்தில் உருவானது. அங்கே குழு முழுவதும் பனிமூட்டத்துக்குள் பின்வாங்கி நிற்கிறது. முன்னது கரடு, பின்னது தொலைவு.

கரடே இல்லாத தொலைவும் உண்டு. 1971-இல் வெளிவந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் டிரம்ஸ், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய கட்டடத்தின் கூடத்தில் வைத்து வாசிக்கப்பட்டது. ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ், மாடிப்படிக்கு மேலிருந்து தொங்கவிட்ட இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளால் அதைப் பிடித்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெசரால் அழுத்தினார். அந்த ஒலியில் தேய்மானம் எதுவும் இல்லை. மிகத் தரமான பதிவு அது. ஆனாலும் டிரம்ஸ் ஒரு கட்டடத்தின் அடியாழத்திலிருந்து எழுந்து வருகிறது.

ஓர் ஒலி அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதை நம் காது எப்படி அறிகிறது? கருவியிலிருந்து நேராக வரும் ஒலி, தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுவர்களிலும் கூரையிலும் பட்டுப் பரவிய அறையொலியோ அந்த அறையின் எந்த மூலையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே நாம் விலக விலக நேரொலி தேய்ந்து, அறையொலி அதை விழுங்கிவிடுகிறது. இவ்விரண்டின் விகிதம்தான் தொலைவின் முதல் அடையாளம். அடுத்தது, தாக்கத்தின் கூர்மை மழுங்குவது: கிட்டாரை மீட்டும் பிக் நரம்பில் படும் உராய்வும், குச்சி தோலில் படும் 'டிக்' ஒலியும் தொலைவில் கேட்பதில்லை. மூன்றாவது அடையாளம் அகலம் குறைவது. பத்தடி தூரத்தில் நிற்கும் குழு உங்கள் இடக்காது முதல் வலக்காது வரை விரிந்திருக்கும். நூறடி தள்ளி நின்றால் ஒரு குறுகிய அகலத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பட்டியலில் ட்ரெபிளை வெட்டுவதற்கு மிகச் சிறிய இடமே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாதாரண வெப்பநிலையில் 20 மீட்டர் காற்றைக் கடந்து வரும் ஒலியில் 10,000 ஹெர்ட்ஸ் பகுதி இழப்பது சில டெசிபல் மட்டுமே. நீங்கள் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டினால், கேட்பவரின் காது அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளாது. சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டில் வாசிக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் கம்பளி அங்கிருந்துதான் வந்தது.

அடுத்த தவறு மைக் வைத்த இடம். ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியான கேபினட்டுக்கு இரண்டு அங்குலத்தில் வைத்த கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் வகை), அந்த நெருக்கத்தாலேயே பேஸைப் பெருக்கிக் காட்டும். அருகாமையின் இந்த முத்திரை பதிவிலேயே பதிந்துவிட்ட பிறகு, அதன் மேல் ஊற்றும் ரிவெர்ப் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் நிற்கும். எனவே, பாட்டை மீண்டும் பதிவு செய்ய முடியுமானால் செய்துவிடுங்கள். மைக்கைப் பின்னுக்கு இழுங்கள். கிட்டாரின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவை, நீங்கள் வழக்கமாக வைப்பதில் பாதியாக்குங்கள். ஒரே வரியை இரண்டு முறை வாசித்து அடுக்குங்கள். குறைந்த டிஸ்டார்ஷனில் (கரகரப்பில்) வாசித்த இரண்டு கிட்டார்கள் சேரும்போது பிறக்கும் அடர்த்தி, முழு கெயினில் வாசித்த ஒரு கிட்டாரில் கிடைக்காது. மிக அதிகமான கெயின் ஒலியின் ஏற்ற இறக்கங்களை எல்லாம் தட்டையாக்கிவிடுவதால், அறை பதில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மீண்டும் பதிவு செய்ய வழியில்லை என்றால், அலைவெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரித்து, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மென்மையாக இறக்கி, ஒலியின் தொடக்க அடியை மாற்றும் டிரான்சியன்ட் ஷேப்பரால் தாக்கத்தைக் குறைத்து, கிட்டார்களை இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி நகர்த்துங்கள். இவற்றையெல்லாம் முடித்த பிறகே ரிவெர்பைத் தொட வேண்டும்.

கேள்வி: மைக்கைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி முன்பும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எங்களிடம் இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை. ஆறடி தள்ளி வைத்துப் பார்த்தேன். தூரமாகக் கேட்கவில்லை, தகர டப்பாவுக்குள் வாசித்தது போல இருக்கிறது.
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் காது சரியாகவே சொல்கிறது. நேரொலியும் அறையொலியும் சம அளவாகும் இடம் என ஒன்று ஒவ்வோர் அறையிலும் உண்டு. உங்கள் அறையின் அளவுக்கு அது கருவியிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர். கார்டியாய்டு மைக்காக இருந்தால் இன்னும் சற்றுத் தள்ளி. அதைத் தாண்டி நீங்கள் எவ்வளவு விலகினாலும் கிடைப்பது அறையின் குரல் மட்டுமே, அந்த அறையோ சிறியது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. உங்கள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரொலி வந்த ஐந்தாறு மில்லிவினாடிகளுக்குள் மைக்கை அடைந்துவிடும். அவ்வளவு விரைவில் வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சில அலைவெண்களை அழித்தும் சிலவற்றைப் பெருக்கியும் ஒலியின் நிறத்தைக் கெடுப்பதே தகர டப்பாவாகக் கேட்கிறது.

ஆகவே படுக்கையறையை அதன் போக்கில் விட்டுவிட்டு, கிட்டாரை அங்கே ஒரு கையகல தூரத்தில் உலர்வாகப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவை ஒரு ஸ்பீக்கரின் வழியே பெரிய இடம் ஒன்றுக்குள் ஒலிக்க விட்டு, அந்த இடத்தின் பதிலைப் பிடியுங்கள். இது நான் கண்டுபிடித்த உத்தி அன்று. சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர் 1947-இலேயே குளியலறை ஒன்றை எதிரொலி அறையாக்கிப் பாடல் பதிவு செய்திருக்கிறார். நமக்கு மிக எளிதாகக் கிடைப்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக் கூண்டு. சிமெண்டுச் சுவர், மொசைக் படி, திரைச்சீலையோ மெத்தையோ இல்லாத வெற்றிடம். தரைத்தளத்தில் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். இரண்டு மாடிக்கு மேலே மைக்கை வைத்து, அதையும் ஸ்பீக்கர் இருக்கும் திசைக்கு முதுகு காட்டச் செய்யுங்கள். குடியிருப்போரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று, தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய நேரத்தில் இதைச் செய்வது நல்லது.

அப்படிக் கிடைத்த டிராக் ஏறத்தாழ 20 மில்லிவினாடி தாமதமாக வந்திருக்கும். கணினித் திரையில் அலைவடிவங்களைப் பார்த்தவுடன் அதை இழுத்து நேராக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். நேராக்காதீர்கள், நீங்கள் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த தொலைவு அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. எல்லா டிராக்குகளையும் கலக்கும் மிக்ஸில் இந்த டிராக்கை முதன்மையாக வைத்து, உலர்ந்த கிட்டாரை வாசிப்பின் வரி புரியும் அளவுக்கு மட்டும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களின் குழு ஒன்றுக்காகக் காலியான கல்யாண மண்டபம் ஒன்றில் டிரம்ஸ் பதிவு செய்தேன். வெறும் கிரானைட் தரை, ஓடு பதித்த சுவர், உயரமான கூரை. மெதுவான பகுதிகள் கேட்பதற்கு அற்புதமாக இருந்தன. வேகமான பகுதிகளோ ஒன்றும் பிரித்தறிய முடியாத ஒரே உறுமலாகிவிட்டன. மண்டபத்துச் சேமிப்பறையில் இருந்த ஜமக்காளங்களை எல்லாம் கேட்டு வாங்கி, மேடையின் பின்சுவரிலும் சன்னல்களிலும் தொங்கவிட்ட பிறகுதான் தாளம் தெரிந்தது. அன்று அரை நாள் வீணானது என் கவனக்குறைவால். வாடகைப் பணம் அவர்களுடையது என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: ரிவெர்பின் அளவுகளை எப்படி வைப்பது? டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? பெரிய அரங்கு போல் கேட்க பிரீ-டிலேயை, அதாவது நேரொலிக்கும் ரிவெர்புக்கும் இடையே உள்ள தாமதத்தை, கூட்ட வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், ஆவடி

பதில்: பிரீ-டிலேயைக் கூட்டினால் அரங்கு பெரிதாகும் என்பது உண்மை; ஆனால் கருவி உங்கள் அருகே வந்துவிடும். பெரிய அரங்கில் உங்கள் முகத்துக்கு எதிரே ஒருவர் கைதட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கைத்தட்டல் உடனே கேட்கும். சுவருக்குப் போய்த் திரும்பும் எதிரொலி வெகுநேரம் கழித்து வரும். அவரே அரங்கின் மறுகோடியில் நின்று தட்டினால், நேரொலியே நெடுந்தூரம் நடந்து வருவதால், எதிரொலியும் அதன் குதிகாலை மிதித்தபடி உடன் வந்துசேரும். எனவே தொலைவு வேண்டுமானால் பிரீ-டிலேயைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். ரிவெர்பைத் தனி டிராக்காக அனுப்பிக் கொஞ்சம் சேர்ப்பது போதாது. நேரொலியை அதைவிடக் கீழே இறக்க வேண்டும். இந்த இடத்தில் தயங்குபவர்கள்தாம் அதிகம்.

எவ்வளவு நேரம் ஒலி நீடிக்கலாம் என்பதைப் பாட்டின் வேகம் முடிவு செய்யட்டும். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் பிளாஸ்ட் பீட் என்னும் அதிவேக டிரம்ஸ் தாளத்தை வாசிக்கும்போது, பதினாறாம் பகுதி அடிகளுக்கு (ஓர் அடிக்கு நான்கு) இடையே உள்ள இடைவெளி 75 மில்லிவினாடி. இரண்டு வினாடி நீளும் ரிவெர்பைப் போட்டால் ஒவ்வோர் அடியின் வாலுக்குள்ளும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட அடிகள் வந்து விழும். என் கல்யாண மண்டபத்தில் நடந்தது இதுவே. அவ்வளவு வேகமான இசைக்கு ஒரு வினாடியை ஒட்டி வைத்துக்கொண்டு, ரிவெர்புக்குச் செல்லும் ஒலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். நிமிடத்துக்கு 60 அடியில் நகரும் டூம் மெட்டலுக்கு மூன்று நான்கு வினாடிகளும் தகும். மேலே சொன்ன லெட் செப்பலின் டிரம்ஸ் அத்தனை பிரம்மாண்டமாகக் கேட்பதற்கு அந்தப் பாட்டின் நிதானமும் ஒரு காரணம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அந்த மாடிப்படி பேசுவதற்கு நேரம் கிடைக்கிறது.

இனி வரிசை. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வரும் ரிவெர்ப், அரங்குக்குள் நிற்கும் ஓர் ஆம்பைக் காட்டும், இயல்பானது. முன்னால் வைத்தால், தேய்ந்து மறைய வேண்டிய ரிவெர்பின் வாலையும் டிஸ்டார்ஷன் பிடித்து மேலே தூக்கி, சுரங்களுக்கு இடையே உள்ள வெளியை எல்லாம் கொதிக்கும் இரைச்சலால் நிரப்பிவிடும். முழு கார்டுகளை வாசித்தால் சேறாகும். ஒற்றைச் சுரங்களையோ இரண்டு சுரங்களையோ வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் டிரெமொலோ பிக்கிங்கில் வாசித்தால் வேறெந்த வழியிலும் கிடைக்காத ஓர் அழகு வரும். எனக்கு மிகவும் பிடித்த ஒலி அது. ஆனால் அதைத் தொலைவுக்கான வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அந்த இரைச்சல் பின்னால் நிற்பதில்லை. முன்னால் வந்து சுவராக எழுந்துவிடுகிறது.

கேள்வி: வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய டூ-இன்-ஒன் கேசட் ரெக்கார்டர் இருக்கிறது. இன்னும் ஓடுகிறது. லோ-ஃபை பதிவுக்குப் பயன்படுமா, அல்லது போனிலேயே பதிவு செய்யலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டாயம் பயன்படும், பரணிலிருந்து இறக்கி ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் உள்ளேயே ஒரு மைக்கும், ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு சுற்றும் இருக்கும். பேட்டியையோ பாட்டு வகுப்பையோ பதிவதற்காக வைத்தது அது. அதன் எதிரே டிரம்ஸை ஓங்கி அடித்தால், அந்தச் சுற்று மிரண்டு ஒலியளவைச் சட்டென்று அடக்கும். அடி ஓய்ந்ததும் மெல்ல மெல்ல ஏற்றும். ஏறும்போது அறையின் ஒலியும் சிம்பலின் ரீங்காரமும் அலைபோல மேலெழும். விலையுயர்ந்த கம்ப்ரெசர்களைக் கொண்டு பலர் தேடும் அசைவு அது. பெட்டியை டிரம்ஸிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளித் தரையில் வைத்து, வேறு மைக்குகளில் பதிவாகும் அதே வேளையில் இதிலும் பதிந்துகொள்ளுங்கள். கேசட் மோட்டாரின் வேகம் சற்றே முன்பின்னாக இருக்கும் என்பதால், கணினிக்கு மாற்றிய பிறகு மற்ற டிராக்குகளோடு பகுதி பகுதியாகப் பொருத்த வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, முடிந்த மிக்ஸ் முழுவதையும் கேசட்டில் ஏற்றி இறக்குவது. இதற்கு லைன்-இன் உள்ள டெக் வேண்டும். சாதாரண கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. கேசட்டில் நான்கு டிராக் பதியும் டாஸ்காமின் முதல் போர்ட்டாஸ்டுடியோ கருவியான 144, 1979-இல் வந்தபோதே அதை இரட்டை வேகத்தில் ஓட்டியது. வேகம் கூடினால் ட்ரெபிள் தெளியும், இரைச்சல் தணியும். தேய்மானத்தைத் தேடும் உங்களுக்குச் சாதாரண வேகமே போதும். மீட்டரின் முள் சிவப்புப் பகுதிக்குள் போகும்படி ஏற்றினால், உச்சிகள் நொறுங்குவதற்குப் பதிலாக மழுங்கிப் பருக்கும். அந்த மழுங்கலும், அடியில் ஓடும் 'ஸ்ஸ்' இரைச்சலும் பிளகின்கள் போலி செய்பவை.

போனைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பேச்சைத் தெளிவாக்குவதற்காகச் செயலிகள் செய்யும் இரைச்சல் நீக்கம், சிம்பலையும் டிஸ்டார்ஷனையும் இரைச்சல் என்றே எண்ணித் தின்றுவிடும். அதை நிறுத்தும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: குரலுக்கு என்ன செய்வது? மட்டமான மைக் போதும் என்று கேள்விப்பட்டேன்.
— வாசகர், மதுரை

பதில்: அந்தப் பேச்சு, 1993-இல் பதிவாகி 1996-இல் வெளிவந்த, நார்வேயின் ஒருவர் மட்டுமே உள்ள குழுவான பர்சமின் 'ஃபிலோசோஃபெம்' ஆல்பத்திலிருந்து பரவியது. அதன் குரல் ஹெட்செட் மைக் ஒன்றில் பதிவானது. கிட்டார் ஆம்புக்குப் பதில் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப் பயன்பட்டது. அதைச் செய்தவர் கொலைக்கும் தேவாலய எரிப்புக்கும் தண்டனை பெற்றவர். அவருடைய இனவெறிக் கருத்துகள் எனக்கு அருவருப்பானவை. ஒலிப்பதிவு பற்றிப் பேசும்போதும் அதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியாது.

மைக்கைப் பற்றி மட்டும் சொன்னால், ஹெட்செட் மைக் தருவது கரடு, தொலைவு அன்று. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அந்தக் குரல் மெலிந்திருந்தாலும் காதுக்குள்ளேயே ஒலித்ததை நினைத்துப் பாருங்கள். தொலைவு வேண்டுமென்றால் பாடுபவரை மைக்கிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிறுத்தி, அவர் உண்மையிலேயே ஓங்கிக் கத்த வேண்டும். கிசுகிசுப்பாகக் கத்தும் உத்தியில் பாடி, பிறகு தொலைவை ஒட்டவைக்க முயன்றால் காது நம்பாது. தொலைவிலிருந்து ஒருவன் கூப்பிடும்போது அவன் தொண்டை எப்படித் திறக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: இப்படிப்பட்ட பதிவை, வெளியிடுமுன் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங் செய்யும்போது மற்றப் பாட்டுகளின் அளவுக்குச் சத்தமாக்க வேண்டுமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். உச்சிகளை அடக்கும் லிமிட்டரால் நசுக்கினால், நீங்கள் பின்னுக்குத் தள்ளியவை எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாட்டுகளை ஏறத்தாழ −14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கச் செய்வதால், அதைத் தாண்டிச் சத்தமாக்கியதெல்லாம் அங்கே குறைக்கப்பட்டுவிடும். உச்சிகளை மூன்று டெசிபலுக்கு மேல் தொடாமல் விடச் சொல்லி மாஸ்டரிங் செய்பவரிடம் எழுதிக் கொடுங்கள். டேப் இரைச்சலை அவர் குறையென்று கருதி நீக்கிவிடாதபடி, அது வேண்டுமென்றே சேர்த்தது என்பதையும் அதே தாளில் குறிப்பிடுங்கள். கேசட்டில் ஏற்றுவதற்கு முந்தைய மிக்ஸின் பிரதி ஒன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். டேப் பாதியில் சிக்கிக்கொண்டால் அன்று அது தேவைப்படும்.